முந்நூறு கால்

கல்லூரியில் நூற்று நாற்பத்திரண்டு மேசைகள் இருந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவற்றில் ஒன்றுகூட ஓர் அடி நடந்ததில்லை. ஆனாலும் அத்தனை மேசைகளுக்கும் கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தது.

மைதானத்தில் அடிபடுகிறவர்களைக் கவனிக்கக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி அது. ஓடுகிறவள் சுருண்டு விழுந்தால், குதிக்கிறவன் தப்பாகக் கால் ஊன்றினால், டாக்டர் வருவதற்கு முன்பே ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டுப் பார்த்து, ஐஸ் வைத்து, டேப் சுற்றி, ஆளை எழுப்பலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவருக்கான மூன்று ஆண்டுப் படிப்பு. முடித்தால் ஏதாவதோர் அணியில் வேலை கிடைக்கும். முடிப்பதற்கு ஒரே நிபந்தனைதான். ஒவ்வொரு மாணவரும் முந்நூறு கால்களுக்குக் கட்டுப் போட்டுப் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும்.

விதிப்புத்தகத்தில் 'கால்' என்றுதான் இருந்தது. யாருடைய கால் என்று இல்லை.

கல்லூரி தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு மாணவன், தடை தாண்டி ஓடும் பையன் ஒருவனுக்கு டேப்பைக் கொஞ்சம் இறுக்கிச் சுற்றிவிட்டானாம். அந்தப் பையனின் அப்பா வாசலில் வந்து நின்று சத்தம் போட்டாராம். அன்று மத்தியானமே முதல்வர் சுற்றறிக்கை விட்டார். உயிருள்ள மனிதர்கள் பாடம் நடத்தத் தோதானவர்கள் அல்ல. அவர்கள் அசைகிறார்கள், வலிக்கிறது என்கிறார்கள், அப்பா வைத்திருக்கிறார்கள். மேசைக்கு இந்த மூன்று குறையும் கிடையாது.

அன்றிலிருந்து முதலாண்டு மாணவர்களுக்கு மேசை. இரண்டாமாண்டுக்கு நாற்காலி, கால் மெலிசாக இருப்பதால் அதற்குச் சிறுவர் பிரிவு என்று பெயர். மூன்றாமாண்டுக்கு முக்காலி. அது சிக்கலான நோயாளி. முக்காலிக்கு நான்கு கால் என்று எழுதிவிட்ட ஒருவனைப் பொய் சொன்னதற்காக ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். நேர்மை விஷயத்தில் கல்லூரி கண்டிப்பானது.

"கால்னா கால்தான்" என்பார் செய்முறை ஆசிரியர். "மனுஷக் கால்னு எங்க போட்டிருக்கு, காட்டு. அதுவும் நிக்குது, இதுவும் நிக்குது. இன்னும் சொல்லப்போனா இது நம்மளவிட நல்லா நிக்குது."

மூன்றாமாண்டில் ஒரு பெண் இருந்தாள். வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் "உள்ளேன்" என்று சொல்வது யார் காதிலும் விழாது. உதடு அசையும், மூச்சு வரும், அவ்வளவுதான். அதனால் அவளுக்கு மூச்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூச்சுக்கு அம்மா மட்டும்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் ஈரத்தரையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் கணுக்கால் இரண்டும் பன்ரொட்டி மாதிரி உப்பியிருக்கும். மூச்சு அந்தக் கால்களை மடியில் வைத்து, அன்று மேசையில் படித்ததைச் செய்து பார்ப்பாள். மேசையில் இல்லாத ஒரு விஷயம் அம்மாவின் காலில் இருந்தது. அது பதில் சொல்லியது. இங்கே இறுக்கம், அங்கே இதம், இப்படித் திருப்பாதே, ஆமாம் அங்கேதான். மூன்று ஆண்டுகளில் மூச்சு கற்றுக்கொண்டது எல்லாம் அந்தப் பதில்களிலிருந்துதான். கல்லூரிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும்.

கடைசிப் பருவத்தில் எல்லாருக்கும் மறுபடியும் மேசைதான். அப்போது ஒருநாள் துறைமுகத் தொழிலாளர்களின் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் தேடி அதன் பெண் பயிற்சியாளர் கல்லூரிக்கு வந்தார். செய்முறை வகுப்பின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். முப்பது பேர் மேசைகளுக்கு அடியில் குனிந்து கிடந்தார்கள்.

"என்ன தொலைச்சாங்க?" என்று ஆசிரியரைக் கேட்டார்.

ஆசிரியர் விளக்கினார். அந்தப் பயிற்சியாளர் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மூச்சிடம் வந்து குனிந்தார்.

"நீ மனுஷக் காலத் தொட்டிருக்கியா?"

"எங்கம்மா கால."

"அது போதும். அடுத்த மாசக் கடைசி நாள், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சான்றிதழோட துறைமுக மைதானத்துக்கு வந்துரு. வேலை உனக்கு. அஞ்சு தாண்டுச்சுன்னா வேற ஆளக் கூட்டிட்டுப் போயிருவேன், மறுநாள் காலைல டீம் கப்பல் ஏறுது. என்ன?"

மூச்சு தலையாட்டினாள். பதிவேட்டில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு கால்கள் ஏறியிருந்தன. இன்னும் ஒரு மேசைதான் பாக்கி.

அதற்குள் கல்லூரியின் விளையாட்டு விழா வந்தது.

பக்கத்துப் பயிற்சி மையத்திலிருந்து பிள்ளைகள் ஓடவும் குதிக்கவும் வந்திருந்தார்கள். முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த மைதானத்தில் எந்தக் காலுக்கு என்ன நேர்ந்தாலும் அதைத் தாங்க அறுபது கைகள் காத்திருக்கின்றன" என்று பேசிக்கொண்டிருந்தபோது நீளம் தாண்டிய ஒரு சிறுமி மணலின் ஓரத்தில் இருந்த மரச்சட்டத்தில் இறங்கினாள். கால் மடங்கியது. முப்பது மாணவர்கள் ஓடிப்போய்ச் சுற்றி நின்றார்கள். எல்லார் இடுப்பிலும் டேப் தொங்கியது. ஒருவரும் குனியவில்லை. அந்தக் கால் அசைந்துகொண்டிருந்தது, வலிக்கிறது என்றும் சொன்னது. இரண்டும் பாடத்திட்டத்தில் இல்லாதவை.

மூச்சு கூட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றவில்லை, கயிற்றை மட்டும் தளர்த்தினாள். குளிர்பான வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றி வைத்தாள். தூரம் அளக்க வைத்திருந்த இரண்டு மரக்கோல்களைப் பக்கத்துக்கொன்றாக வைத்துக் கட்டினாள். சிறுமியிடம் காதோடு என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பில் கீறல், ஆனால் நகராமல் இருக்கிறது, யார் கட்டியது என்று கேட்டாராம்.

கல்லூரியும் அதையேதான் கேட்டது.

மறுநாள் விசாரணை. குற்றச்சாட்டு ஒரு வரிதான்: உயிருள்ள காலில் அனுமதியின்றிக் கட்டுப் போட்டது. அம்மாவை வேலையிலிருந்து வரவழைத்திருந்தார்கள். கைவிரல்கள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன. அவற்றைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்ல யாருமில்லை. அறையில் காலி நாற்காலிகள் ஆறு இருந்தன. எல்லாம் சிகிச்சையில் இருந்தன.

முதல்வர் எழுந்து நின்று பேசினார். ஒரே ஓர் அம்மாவும் பெண்ணும் எதிரே இருந்தாலும் அவருக்கு அது கூட்டம்தான்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தக் கல்லூரி மேல ஒரு புகார் கிடையாது. ஒரு காயத்த தப்பாக் கையாண்டாங்கன்னு ஒருத்தன் விரல் நீட்ட முடியாது. ஏன்? கையாண்டதே இல்ல. அந்தப் பேர உங்க பொண்ணு ஒரே நாள்ல கெடுத்துட்டா."

"அந்தப் பிள்ளைக்கு நல்லாயிருச்சுங்களே, சார்" என்றாள் அம்மா.

"அதாம்மா பிரச்சினையே. நல்லாயிருச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு எல்லாரும் வருவாங்க. அப்புறம் இது கல்லூரியா இருக்குமா, ஆஸ்பத்திரியா ஆயிருமா?" அவர் செய்முறை ஆசிரியரைப் பார்த்தார், ஆசிரியர் சிரித்து வைத்தார். "கொஞ்சம் கை நீளம் உங்க பொண்ணுக்கு. வீட்ல கண்டிச்சு வளத்திருக்கணும்."

கை நீளம் என்றால் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரியில் விரிப்புத் துவைக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை அங்கே பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பஸ்ஸில் பாதி வழி போன பிறகு அம்மா கேட்டாள்.

"ஏண்டி, அங்க எதையாவது எடுத்தியா?"

"இல்லம்மா. ஒரு பிள்ளையோட காலத் தொட்டேன்."

"அதுக்கா அப்படிச் சொன்னான்?"

"ஆமா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை திரும்பவில்லை. மூச்சு அம்மாவின் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதுவரை அவளுக்கு அந்த முதல்வர்மேல் பெரிதாகக் கோபம் ஒன்றும் இருந்ததில்லை.

தீர்ப்பு தபாலில் வந்தது. அவளுடைய பதிவேடு ரத்து. முந்நூறு கால்களையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். கூடவே அவளுக்கென்று முதல்வர் கைப்பட வடிவமைத்த புதுப் பதிவேடு ஒன்று. பழையதில் நான்கு பத்திகள். இதில் கூடுதலாக மூன்று: 'கால் உரிமையாளர் பெயர்', 'காயமடைந்தவர் கூறியது', 'கால் உரிமையாளர் கையெழுத்து'. இனி எந்தக் காலையும் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் அவள் தொட்டதாக இருக்கக் கூடாது. பயிற்சியாளர் சொன்ன கடைசி நாளுக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. கட்டலாம், ஆனால் எந்த மேசை கையெழுத்துப் போடும்? அவள் படிப்பை விட்டுப் போய்விடுவாள் என்பது முதல்வரின் கணக்கு.

மூச்சு ஒரு நாளைக்கு ஐந்து மேசை வீதம் கட்டினாள். பதினைந்து நாளில் எழுபத்தைந்து மேசை, முந்நூறு கால். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்காரரிடம் போனாள். அவர் இருபது வருடமாக மேசை நாற்காலிகளுக்குக் காவல்.

"அண்ணே, மேசை யாரோடது?"

"என்னோடதா இருந்தா இப்படி கால்ல துணியச் சுத்தி நிக்க விடுவேனா?" அவர் தடித்த ஏடு ஒன்றைத் தூசி தட்டிப் பிரித்தார். "இந்தா பாரு. மேசை நூத்தி நாப்பத்திரண்டு. உரிமையாளர், முதல்வர். எல்லாம் அவர் பேர்லதான் இருக்கு."

"அப்ப கால்?"

"மேசை அவர்துன்னா கால் மட்டும் உன்துவா? அதுவும் அவர்துதான்."

மூச்சு ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். கால் உரிமையாளர் பெயர்: முதல்வர். அடுத்த பத்தியில் எந்தக் கால் என்று இருந்தது. மேசைக்கு முன் இடது, பின் இடது, முன் வலது, பின் வலது என்று நான்கு உண்டு. படிவத்தில் அடிப்பதற்கு இரண்டே கட்டங்கள்தான், இடது, வலது. காயத்தின் தன்மை: கணுக்கால் சுளுக்கு, இரண்டாம் நிலை. சுளுக்கில்லாமல் கட்டுப் போட்டால் மதிப்பெண் கிடையாது என்பதால் எல்லாரும் அதைத்தான் எழுதுவது.

முதல் பக்கம் முடிந்ததும் அதைத் திருப்பி ஒருமுறை படித்தாள். முதல்வர், இடது கால், கணுக்கால் சுளுக்கு. முதல்வர், இடது கால், கணுக்கால் சுளுக்கு. முதல்வர், வலது கால்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். போய்ச் சொல்லியிருக்கலாம். சார், இது இப்படிப் படிக்க வருகிறதே என்று ஒரு வார்த்தை. அவளுக்குப் பஸ் ஜன்னலும் அம்மாவின் பின்னங்கழுத்தும் ஞாபகம் வந்தது. பேனாவைத் திறந்தாள்.

'காயமடைந்தவர் கூறியது' என்ற பத்தியை அவள் இதுவரை வெறுமனே விட்டிருந்தாள். இப்போது அதை நிரப்பினாள். கையெழுத்தை அழகாக்கிக்கொண்டாள். 'நிற்க முடியவில்லை என்றார்.' 'இனிமேல் ஓடமாட்டேன் என்றார்.' 'மெதுவாகத் தொடும்படி கெஞ்சினார்.' இருபதாவது வரிசையில் முதல்வர் கண்கலங்கினார். நூற்றுப் பத்தாவதில் தன் தாயாரை நினைத்துக்கொண்டார்.

சாமான் ஏட்டில் மேசையெல்லாம் தன் பேரில் இருப்பதைப் பார்த்ததும் முதல்வருக்குப் பெருமை வந்துவிட்டது, போடுவதாகச் சொல்லிவிட்டார். கையெழுத்து வாங்க நான்கு நாள் ஆனது. பதினொரு மணியிலிருந்து பதினொன்றரைவரை முதல்வர் கையெழுத்துப் போடுவார். அந்த நேரத்தில் அவர் தொலைபேசியில் பேசுவார், பியூன் பக்கம் திருப்புவார், கை தானாக ஓடும். சுவர் முழுக்க அவர் பிரமுகர்களோடு கைகுலுக்கும் படங்கள். எல்லாம் இடுப்புவரைதான். மூச்சு கதவோரம் நின்றாள்.

"நிக்கிறியா? நில்லு" என்றார் முதல்வர், பேச்சுக்கு நடுவே. "உரிமையாளர்னா யாருன்னு இப்பப் புரியுதா? தொடறதுக்கு முன்னாடி கேக்கணும்."

"ஆமா சார்."

"இந்தப் படிவத்த நானே போட்டேன், தெரியுமா? ரெண்டு நாள் உக்காந்து. இத எல்லாக் கல்லூரிக்கும் மாதிரியா வைக்கணும்னு மேல எழுதியிருக்கேன். எனக்கு ரெண்டு வருஷம் பணி நீட்டிப்பு வரப்போகுது. அதுக்குள்ள இத நாடு முழுக்கக் கொண்டுபோயிருவேன்."

முந்நூறாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு அவர் பதிவேட்டைத் தன் செலவிலேயே மேல்வாரியத்துக்கு அனுப்பினார், மாதிரிப் படிவமாக.

மேல்வாரியத்தில் பதிவேடுகளை யாரும் படிப்பதில்லை. ஆனால் புதுப் படிவம் என்றால் ஒருவர் படித்தாக வேண்டும் என்று விதி. அந்த ஒருவர் வேறு பிரிவிலிருந்து புதிதாக வந்தவர், அங்கத்தியப் பழக்கவழக்கம் தெரியாதவர், அதனால் படித்துவிட்டார். படித்துவிட்டுப் பணியாளர் நலப் பிரிவுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஓராண்டில் ஐந்து முறைக்கு மேல் கைகாலில் காயம்பட்ட ஊழியருக்கு மருத்துவக் குழு வைக்க வேண்டும். இந்த ஊழியர் பதினைந்தே நாளில் முந்நூறு முறை காயப்பட்டிருக்கிறார். இவர் பணி நீட்டிப்பு வேறு கேட்டிருக்கிறார்.

மாதக் கடைசி நாளில் மூன்று டாக்டர்கள் வந்து இறங்கினார்கள். விசாரணை நடந்த அதே அறை. சிகிச்சை அளித்தவர் என்ற முறையில் மூச்சையும் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல்வர் சிரித்துக்கொண்டே நின்ற இடத்தில் குதித்துக் காட்டினார். "பாருங்க டாக்டர். என் காலுக்கு என்ன? தினம் நாலு மைல் நடக்கறேன்."

குழுவின் தலைவி வயதானவர். பதிவேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முந்நூறு எடத்துல உங்க கையெழுத்து இருக்கே."

"அது மேசைக் காலுங்க."

"மேசைக் காலுக்கு நீங்க எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"உரிமையாளர்ங்கற முறையில."

"சரி. இருபதாவது வரிசை. கண்கலங்கினார்னு போட்டிருக்கு. மேசை கண்கலங்குச்சா?"

முதல்வர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். அவர் அதை முதல்முறையாகப் படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு மூச்சைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ வேணும்னே பண்ணியிருக்கா."

"இருக்கலாம்" என்றார் தலைவி. "எனக்கு ஒரே கேள்விதான், சார். இது மேசைக் கால்னா இந்தக் கல்லூரியில எவனும் ஒரு மனுஷனத் தொட்டதில்ல. அப்ப இருபத்திரண்டு வருஷச் சான்றிதழும் செல்லாது. அதுல கையெழுத்துப் போட்டவர் மேல விசாரணை வரும். இது உங்க கால்னா, பாவம், உடம்பு முடியாத மனுஷன், இன்னியோட மரியாதையா வீட்டுக்கு அனுப்பிருவோம். எதுன்னு நீங்களே சொல்லுங்க. அவசரமில்ல."

முதல்வர் தண்ணீர் கேட்டார். பியூன் கொண்டு வந்தார். குடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், செய்முறை ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் ஒரு நாற்காலியின் கட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். முதல்வர் மெல்லச் சுவரில் கையை ஊன்றினார். ஒரு காலைத் தூக்கினார்.

"இடது கால்தாங்க ரொம்ப" என்றார்.

"வலது?"

"அதுவும்தான்."

குழுவினர் குறித்துக்கொண்டார்கள். ஆறு நாற்காலிகளில் ஒன்றின் கட்டை அவிழ்த்து அதில் அவரை உட்காரவைத்தார்கள். தலைவி மூச்சைக் கூப்பிட்டார்.

"நீதான கவனிச்சது? இப்ப எங்க முன்னாடி முறைப்படி பாரு. சரியா இருந்தா உன் சான்றிதழ்ல இப்பவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடறேன்."

மூச்சு முதல்வரின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இடது ஷூவைக் கழற்றினாள், காலுறையை உருவினாள். பாதத்தை மடியில் எடுத்து வைத்தாள். வெள்ளையாக, பஞ்சு மாதிரி, ஒரு குறையும் இல்லாத பாதம். ஒரு பாதத்தில் எலும்பு இருபத்தாறு. ஒவ்வொன்றையும் அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வகுப்பில் அதை யாரும் செய்ததில்லை, மேசைக்கு எலும்பு இல்லாததால்.

அவள் குதிகாலிலிருந்து தொடங்கினாள்.

"இங்க வலிக்குதா, சார்?"

முதல்வர் டாக்டர்களின் முகத்தைப் பார்த்தார். பேனாக்கள் காத்திருந்தன. "வலிக்குது."

"எப்படி வலிக்குது? குத்துற மாதிரியா, இழுக்கிற மாதிரியா?"

"குத்துற மாதிரி."

"சும்மா இருக்கும்போதா, நிக்கும்போதா?"

"ரெண்டுமே."

எழுதினார்கள். அவள் அடுத்த எலும்புக்கு நகர்ந்தாள். அவள் கை அழுத்தவே இல்லை, அம்மாவின் காலைத் தொடுகிற அளவுக்குத்தான் தொட்டாள். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளிக்க வேண்டியிருந்தது. பத்தாவது எலும்புக்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. பதினான்காவதில், "அய்யோ" என்றார். பத்தொன்பதாவதில் சொல்ல மறந்துவிட, தலைவி நிமிர்ந்து பார்த்தார், உடனே இன்னும் பலமாக ஓர் "அய்யோ" வந்தது. சுண்டுவிரலின் கடைசி எலும்பில் அவர் கண்களில் உண்மையிலேயே தண்ணீர் நின்றது.

"அருமையான பரிசோதனை" என்றார் தலைவி. சான்றிதழை நாற்காலியின் கைப்பிடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டு ஊதிக் காயவைத்து நீட்டினார். மூச்சு எழுந்து வாங்கிக்கொண்டாள். பெயர், தேதி, முத்திரை, மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். மடிக்காமல் பைக்குள் வைத்தாள். டாக்டர்கள் பேனாவை மூடினார்கள். முதல்வர் காலுறையைத் தேடிக் குனிந்தார்.

மணி இரண்டே முக்கால்தான் ஆகியிருந்தது. துறைமுகத்துக்குப் பஸ் மாற வேண்டியதில்லை, அரைமணி நேரம்தான்.

மூச்சு மறுபடியும் தரையில் உட்கார்ந்து அவருடைய வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள்.

"இன்னொரு கால் இருக்குங்களே, சார்" என்றாள்.